பந்தியில் தெரியும் விசுவாசம்

திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் பக்கத்தில் உள்ள வடக்கன்குளத்தில் 1872-ல் ஒரு கத்தோலிக்கக் கோயில் எழும்பியது. திருக்குடும்பத்துக்கு நேர்ந்தளித்த அந்தக் கோயிலுக்கு ஒரே பீடம், ஆனால் இரண்டு நடுக்கூடங்கள். பீடத்திலிருந்து இரு கால்களைப் போல விரிந்த அந்தக் கூடங்களில் ஒன்றில் வேளாளரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் அமர்ந்தார்கள், மற்றதில் நாடார்கள். இடையில் சுவர். இரு தரப்பாருக்கும் குருவானவர் தெரிவார், பீடம் தெரியும், உயர்த்தப்படும் நற்கருணை தெரியும். பக்கத்துக் கூடத்தில் முழங்காலிட்டிருக்கும் சக விசுவாசி மட்டும் தெரியமாட்டார். ‘கால்சட்டைக் கோயில்’ என்று பெயர் வாங்கிய அந்தக் கட்டடம் தற்செயலாக அமைந்ததல்ல. கணக்குப் பார்த்து, வரைபடம் போட்டு, காணிக்கை திரட்டிக் கட்டப்பட்டது.

இதே வடக்கன்குளத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்த நட்டாலத்து நீலகண்டன் 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனது இந்த ஊரில்தான். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார், உண்டார் என்பதும் அவர்மேல் கோபத்தைக் கிளப்பிய காரணங்களுள் ஒன்று என்று திருச்சபை வரலாறு சொல்கிறது. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அதற்கு முன்பே, அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’ என்ற சாதிப் பெயரை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. புனிதர் பட்ட அறிவிப்பில் அது இடம்பெறவில்லை.

சாதியைக் கடந்ததற்காகவும் வெறுக்கப்பட்ட ஒருவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில், ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, சாதிக்காகவே ஒரு கோயில் இரண்டாகப் பிளந்து கட்டப்பட்டது. கட்டியவர்களும் அதில் செபித்தவர்களும் விசுவாசம் இல்லாதவர்களா? இல்லை. ஞாயிறு தவறாமல் பூசை கண்டவர்கள், தவக்காலத்தில் ஒருசந்தி இருந்தவர்கள், பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர்கள். விசுவாசத்தில் மாய்மாலம் என்றதும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடிக்கும் ஒரு தனிமனிதனைத்தான் பலரும் நினைக்கிறார்கள். தமிழகக் கிறித்தவத்தின் நானூறு ஆண்டு வரலாறு காட்டுவது வேறு. மெய்யான பக்தியோடு கூடவே மாய்மாலம் வாழ முடியும். அது இருக்கையில், பாத்திரத்தில், பாடையில், கல்லறையில், கல்யாணப் பேச்சில் குடியிருக்கும். ‘வழக்கம்’ என்ற பெயரில் இருப்பதால் அதை யாரும் பாவமென்று உணர்வதில்லை.

அந்தியோக்கியாவில் நடந்த சண்டை

புதிய ஏற்பாடு இந்தச் சிக்கலை முன்கூட்டியே அறிந்திருந்தது. இயேசு பரிசேயரைக் கண்டித்த பகுதிகளையே போதகர்கள் அடிக்கடி எடுத்துப் பேசுகிறார்கள். அதைவிட உறைப்பான நிகழ்ச்சி கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தியோக்கியா சபையில் பேதுரு யூதரல்லாத விசுவாசிகளோடு சேர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். மற்ற யூதக் கிறித்தவர்களும் விலகினார்கள், பர்னபாவும் அவர்களோடு இழுபட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு முகம் எதிர்த்தார். பேதுருவின் உபதேசத்தில் அவர் குறை சொல்லவில்லை. மாய்மாலம் என்று அவர் கண்டித்தது, ஒரு பந்தியிலிருந்து எழுந்துபோன செயலை.

யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இருக்கைக்கு வருகிறது. பொன் மோதிரம் அணிந்தவன் ஆலயத்துக்குள் வந்தால் நல்ல இடம், கந்தை உடுத்த ஏழை வந்தால் கால்மாட்டில் தரை என்று நடத்தினால் அது பட்சபாதம், பாவம் என்கிறது. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் இராப்போசனத்துக்கு வருகிறது. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு நிற்பதைப் பார்த்துப் பவுல் கொதிக்கிறார். ஆக, யாரோடு உண்கிறாய், யாரை எங்கே உட்காரவைக்கிறாய், பாத்திரம் யார் கைக்கு எப்போது போகிறது என்ற மூன்று கேள்விகளும் வேதத்திலேயே எழுதியிருக்கின்றன. தமிழகச் சபைகள் இடறியதும் இந்த மூன்றில்தான்.

தரங்கம்பாடியும் தஞ்சாவூரும்

கத்தோலிக்கத் தரப்பில் கதை 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலியோடு தொடங்குகிறது. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றைச் சமூக அடையாளங்களாக ஏற்கலாம் என்று அவர் வாதிட்டார். 1623-ல் ரோம் சில நிபந்தனைகளோடு இசைந்தது. அதன் தொடர்ச்சியாக மிஷனரிகளே இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். உயர்சாதியாருக்குச் சந்நியாசிக் கோலத்தில் சிலர், மற்றவர்களுக்குப் பண்டாரசாமிகளாகச் சிலர். 1703-ல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704-ல் பிறப்பித்த ஆணைகளில் ஒன்று, பறையர் வீடுகளில் நோயுற்றுக் கிடப்பவர்களிடம் குருக்கள் நேரில் போய்த் திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்பது. சாகக் கிடப்பவரின் குடிசைக்குள் குரு நுழைவாரா என்பது ரோம் வரை போய்ப் பல பத்தாண்டுகள் விவாதிக்கப்பட்டது.

சீர்திருத்தச் சபைகளின் தரப்பில் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவும் புளூட்சௌவும் தொடக்கம். 1718-ல் புதிய எருசலேம் ஆலயம் கட்டப்பட்டது. ஒரே கூரையின்கீழ் ஆராதனை நடந்தாலும் இருக்கைகள் பிரிந்தே இருந்தன. 1733-ல் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ் லுத்தரன் போதகராக அபிஷேகம் பெற்றார். தஞ்சைப் பகுதியில் உழைத்த ராஜநாயக்கன் என்ற உபதேசியாரும் அந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று மிஷனரிகளே கருதினார்கள். அவர் பறையர். அவர் கையால் உயர்சாதி விசுவாசிகள் இராப்போசனம் வாங்கமாட்டார்கள் என்ற அச்சத்தில் அந்த அபிஷேகம் நடக்கவே இல்லை. அப்பத்தைக் கிறிஸ்துவின் உடலாகப் போற்றியவர்கள், அதைத் தரும் கையின் சாதியைப் பார்த்தார்கள்.

இந்த முரண்பாடு முழுவதும் ஒரே மனிதரின் வாழ்வில் திரண்டு நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடம் வர வேண்டும். 1774-ல் பிறந்து 1864-ல் மறைந்த அவர் ‘பெத்லகேம் குறவஞ்சி’யின் ஆசிரியர். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் சபைகளில் பாடப்படுகின்றன. ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னரின் இளமைக்கால நண்பர். புதிதாக வந்த ஆங்கிலேய மிஷனரிகளை எதிர்த்து அவர் 1820-களின் இறுதியில் எழுதினார். வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் பூ கூடாது என்கிறார்கள், தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஆராதனையிலிருந்து விலக்குகிறார்கள் என்பன அவர் குற்றச்சாட்டுகள். இந்த மூன்றிலும் இன்றைய வாசகர் அவர் பக்கம் நிற்கக்கூடும். நான்காவது, சாதிகளைக் கலந்து உட்காரச் சொல்கிறார்கள் என்பது. பூவையும் பாட்டையும் தனி இருக்கையையும் அவர் ஒரே பட்டியலில் வைத்தார். மூன்றும் அவருக்குத் தமிழ் மரபு. உருகிப் பாடிய கவிஞருக்கு நான்காவது மட்டும் வேறு வகை என்பது தெரியவில்லை.

சாதி என்பது மதக் காரியமல்ல, பிரபு, குடியானவன் என்ற ஐரோப்பிய அந்தஸ்து வேறுபாடு போன்றதுதான் என்பது அன்றைய முக்கிய வாதம். கல்கத்தாப் பேராயர் ரெஜினால்ட் ஹீபரும் இதில் மென்மையான போக்கையே விரும்பினார். இந்த வாதம் எல்லாருக்கும் வசதியாக இருந்தது. விசுவாசம் ஞாயிற்றுக்கிழமைக்கு, சாதி மற்ற ஆறு நாட்களுக்கு என்று பங்கு பிரித்துக்கொள்ள அது இடம் கொடுத்தது.

சுற்றறிக்கையும் சோறும்

ஹீபருக்குப் பின் சில ஆண்டுகளில் கல்கத்தாப் பேராயரான டேனியல் வில்சன் 1833 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டார். சாதி வேறுபாடு சபையில் உடனடியாக, அடியோடு கைவிடப்பட வேண்டும் என்றார். அந்த அறிக்கையின் வலிமை அதன் பொதுவான கண்டனத்தில் இல்லை, விவரங்களில் இருந்தது. ஆலயத்தில் கலந்து உட்கார வேண்டும். இராப்போசனத்துக்கு வேறுபாடின்றி வர வேண்டும். உபதேசியார் எந்தச் சாதியாராயினும் ஏற்க வேண்டும். அடக்க நிலத்தில் தனிப் பகுதி கூடாது. 1835-ல் தெற்கே வந்தபோது சூத்திரர், பறையர், ஐரோப்பியர் என்று ஒருவர்பின் ஒருவராகக் கலந்து முழங்காலிடச் செய்து இராப்போசனம் நடத்தினார். அதுவரை உயர்சாதியார் பருகி முடித்த பிறகே பாத்திரம் அடுத்தவரிடம் போய்வந்தது.

விளைவு கடுமையாக இருந்தது. சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு விலகினார்கள். உபதேசியார்களும் ஆசிரியர்களும் வேலையை விட்டார்கள். 1840-களில் சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் போன லைப்சிக் லுத்தரன் மிஷன் தரங்கம்பாடியில் காலூன்றியதும், அவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கதவு ஒரு சபையில் மூடினால் இன்னொரு சபையில் திறந்தது.

பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் வேறு வழியில் போனார். தம் மாணவர் விடுதியில் எல்லாரும் ஒரே அடுக்களையில் சமைத்ததை ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்றார். உயர்சாதி மாணவர்கள் வெளியேறினார்கள், அவர் இறங்கிவரவில்லை. 1847-ல் மதுரை அமெரிக்கன் மிஷன், சாதியை விடாதவர் சபை உறுப்பினராக நீடிக்க முடியாது என்று தீர்மானித்து, அன்பின் விருந்து என்ற பொதுப்பந்தியை அதற்கு அடையாளமாக்கியது. 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடும் அதே அளவுகோலை எடுத்தது. வேறு சாதிக் கிறித்தவர் சமைத்ததைச் சாப்பிட மறுப்பவர் சாதியை விட்டதாகக் கொள்ளக்கூடாது என்றது.

விசுவாசப் பிரமாணத்தை யாரும் சொல்லிவிடலாம். ஊரறிய ஒரு கவளம் சோற்றை வாயில் வைப்பதற்குப் பின்னால் பெண் கொடுக்கல் வாங்கல், பங்காளி உறவு, கிணற்றுத் தண்ணீர், வண்ணான், நாவிதன் என்று ஒரு வாழ்க்கையே இருந்தது. அந்தச் சோற்றை உண்டவர்கள் அதற்கான விலையைக் கொடுத்தார்கள். அவர்கள் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை.

வடக்கன்குளத்துச் சுவரும் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விழுந்தது. இடித்தவர் பங்குத்தந்தை கௌசானல் என்ற இயேசு சபைக் குரு. வேளாளர் தரப்பு வழக்குப் போட்டது. திருச்சி ஆயர் பார்த்தை எதிர்த்து மைக்கேல் பிள்ளை தொடுத்த அந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கோயிலில் சாதிப்படி தனித்து உட்காரும் உரிமை கிடைக்கவில்லை. செபிக்கும் இடத்தில் பிரிந்திருக்கும் உரிமையைக் கேட்டுக் கிறித்தவர்கள் நீதிமன்றப் படியேறிய இந்தக் கதையை ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

வெள்ளையர் பந்தி

சாதியைக் கண்டித்த மிஷனரிகளும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. துரைமார்களே தங்களுக்குள் அந்தஸ்து பார்க்கிறார்களே என்று தஞ்சைக் கிறித்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்வி சாதியை நியாயப்படுத்தக் கேட்கப்பட்டது, ஆனால் கேள்வியில் உண்மை இருந்தது. அதை நேர்மையான நோக்கத்தோடு கேட்ட தமிழர் வே. ச. அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களுள் ஒருவர். 1910-ல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். மிஷனரிகளின் தியாகத்தையும் கொடைகளையும் மறுக்காமல், அவர்கள் இந்திய ஊழியர்களைச் சரிசமமாக நடத்துவதில்லை, நட்பு தருவதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவையில் பலருக்கு அது உறைத்தது, சிலருக்கு எரிச்சலூட்டியது. இரண்டு ஆண்டு கழித்து, 1912-ல், அவர் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அங்கே தெலுங்கு பேசும் மாலா, மாதிகா மக்களிடையே உழைத்தார். ஒடுக்கப்பட்ட இரு சாதியாரும் ஒருவரை ஒருவர் விலக்கும் சிக்கல் அவருக்கு அங்கே காத்திருந்தது.

எறையூரும் கல்யாண விளம்பரமும்

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. 2008 மார்ச் 9 அன்று, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் கத்தோலிக்கர்கள் கத்தோலிக்கர்களைத் தாக்கினார்கள். அங்குள்ள பெரிய கோயிலில் வன்னியக் கிறித்தவர்களுக்கு இணையான இடம் தலித் கிறித்தவர்களுக்கு இல்லை. அவர்கள் வீட்டுச் சாவுக்குப் பொதுத் தெருவும் பொது வண்டியும் மறுக்கப்பட்டன. தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கித் தரும்படி அவர்கள் கேட்டதைத் தொடர்ந்து வன்முறை வெடித்தது, வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். தலித் மக்கள் பிரிவினையை விரும்பித் தனிப் பங்கு கேட்கவில்லை. சேர்ந்திருந்த இடத்தில் மரியாதை கிடைக்காததால் கேட்டார்கள்.

திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரிக்கும் சுவர் நீண்டகாலப் போராட்டத்துக்குரியது. 2010-ல் அதை இடிக்க வெளியிலிருந்து ஓர் இயக்கம் வர வேண்டியிருந்தது. உயிர்த்தெழுதலை நம்பும் மக்கள், உயிர்த்தெழும்வரை பிரிந்தே கிடக்க வேண்டும் என்று கட்டிய சுவர் அது.

வன்முறை இல்லாத இடங்களில் இதே காரியம் அமைதியாக நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளின் மணமகள் தேவை பகுதியைப் பிரித்தால் போதும். ‘ஆர்.சி. நாடார்’, ‘சி.எஸ்.ஐ. நாடார்’, ‘கிறிஸ்தவ வேளாளர்’, ‘ஆர்.சி. உடையார்’ என்று வரிசையாக நிற்கும். ‘மறுபடி பிறந்த, ஜெபிக்கிற மணமகள்’ என்று கேட்டுவிட்டு அடுத்த வரியில் சாதியைக் குறிப்பவர்களும் உண்டு. ‘சாதி தடையில்லை’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக’ என்று சேர்ப்பவர்களும் உண்டு. கத்தோலிக்கப் பையனுக்குச் சீர்திருத்தச் சபைப் பெண் அதே சாதியில் கிடைத்தால் சபை வேற்றுமையைப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். ஒரே சபை, ஒரே பாடகர் குழு, சாதி வேறு என்றால் பேச்சே எழுவதில்லை. கோயிலுக்குள் இருக்கைகள் கலந்துவிட்ட பிறகு, சாதி கல்யாண மண்டபத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

பேச்சளவில் சபைகள் தெளிவாகவே இருக்கின்றன. சாதி அடிப்படையிலான முற்சாய்வு கிறித்தவ வாழ்வுக்கு நேர்விரோதம் என்று 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வலியுறுத்தினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, தலித் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. இந்தியாவில் உள்ள ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்றும், தலைமைப் பொறுப்புகளில் அவர்கள் மிகக் குறைவு என்றும் அது ஒப்புக்கொண்டது. ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினாலானது 2022 ஆகஸ்டில்தான்.

நீதிமன்றத்தில் ஒரு சொல், பிரசங்கபீடத்தில் ஒரு சொல்

இன்று இந்த நேர்மைச் சோதனை கூர்மையாக நிற்கும் இடம் இட ஒதுக்கீட்டுக் கோரிக்கை. 1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை, இந்துக்கள் அல்லாதோரை விலக்கியது. பின்னர் 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவ தலித்துகள் சேர்க்கப்படவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், செருப்புத் தைப்போருக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்குக் கிறித்தவர் என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1985-ல் வழக்கு தள்ளுபடியானது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, கிறித்தவ சமுதாயத்துக்குள்ளேயே அந்த ஒடுக்குமுறை அதே கடுமையோடு தொடர்கிறது என்று சான்றுகளோடு நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம்.

அந்தச் சான்று யாரிடம் இருந்தது? சபைகளிடம்தான். தலித் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வேண்டும் என்று சபைத் தலைவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள், டெல்லிவரை பேரணி போயிருக்கிறார்கள். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பார்க்காமல் அத்தகுதி தரப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைந்தது. கோரிக்கை நியாயமானது. ஆனால் அதன் முதல் வாக்கியமே ‘எங்களுக்குள் சாதி இருக்கிறது’ என்பதுதான். ஆணையத்தின் முன் அதைச் சொல்லும் சபை, பங்குத் திருவிழா மேடையில் ‘கிறிஸ்துவில் சாதி இல்லை’ என்று பேசிவிட்டுத் தேர் எந்தத் தெருவுக்குள் போகவில்லை என்று பாராமல் இருந்தால், பேதுரு பந்தியிலிருந்து எழுந்துபோன அதே செயலைச் செய்கிறது.

வில்சனின் சுற்றறிக்கையிலிருந்து இன்றைக்கும் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் விவரப் பட்டியல். எங்கே உட்காருகிறார்கள், யார் கையால் வாங்குகிறார்கள், யாரை எங்கே புதைக்கிறார்கள் என்று அவர் கேட்டார். இன்று அந்தப் பட்டியல் நீள வேண்டும். பங்குப் பேரவையில் யார் யார், திருவிழாச் செலவை ஏற்கும் மண்டகப்படி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, சபை நடத்தும் பள்ளியிலும் கல்லூரியிலும் கடந்த பத்தாண்டில் யாருக்கு வேலை கிடைத்தது, குருமடத்தில் சேர்ந்த தலித் மாணவர்களில் எத்தனை பேர் குருக்களானார்கள், கலப்புத் திருமணம் செய்த இளைஞர்களுக்கு எந்தப் போதகர் துணை நின்றார். இந்தக் கணக்கை எடுக்க எந்த ஆணையமும் டெல்லியிலிருந்து வர வேண்டியதில்லை. கல்லறைப் பதிவேடு, திருமணப் பதிவேடு, பேரவை உறுப்பினர் பட்டியல், நியமனக் கோப்பு ஆகியவை ஏற்கெனவே ஒவ்வொரு பங்கு அலுவலகத்திலும் மறைமாவட்ட அலுவலகத்திலும் இருக்கின்றன. அவற்றைத் திறந்து, வந்த விடையை அதே ஞாயிறு பூசையில் மக்கள் முன் வாசிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கும் போதகருக்கும் இன்றே உண்டு.